கண்ணுக்குத் தெரியாத தவில்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் புஞ்சைக்குப் போனால் முதலில் என்ன செய்வார்? குனிந்து ஒரு கை மண்ணை அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து அமுக்குவார். பிறகு விரல்களை விரித்துப் பார்ப்பார். மண் களி உருண்டையாக நின்றால், "இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்பார். தொட்டவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் ஏரைப் பூட்டச் சொல்வார். அவருடைய உள்ளங்கைக்கு அளவுகோல் கிடையாது, முள் கிடையாது, எண் கிடையாது. ஆனாலும் அது பொய் சொல்வதில்லை. கரிசல் மண் பொல்லாத மண். ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கி, ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும்படி வெடித்துக் கிடக்கும். பதம் தவறி உழுதால் அந்த வருஷத்து வெள்ளாமையே போய்விடும். ஆகையால் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வித்தை பிறவியிலேயே வந்துவிடுகிறது.

அமுக்குவதை உணர்ந்து சொல்லும் இந்த வித்தையைக் கடுகளவு ஸிலிக்கன் துண்டுக்குக் கற்றுக் கொடுப்பதில் தம் உத்தியோக காலத்தின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஓர் எலெக்ட்ரிகல் எஞ்ஜினீயரிங் புரொபஸரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் கே. என். பட். சென்னையில் கிண்டி ஐ.ஐ.டி.யில் 1969 முதல் 2006 வரை, முப்பத்தேழு வருஷம் ஆசிரியராக இருந்தவர். அவர் கரிசல்காட்டுக்காரர் அல்லர். அவருடைய கதையை எங்கள் ஊர் உதாரணங்களைக் கொண்டு நான் சொல்வதற்குக் காரணம், எனக்கு நன்றாகத் தெரிந்த உலகம் இது ஒன்றுதான் என்பதே.

முதலில் அந்தத் துண்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். விஞ்ஞானம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் தயவு செய்து ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர்க்காரர்களுக்குத் தவில் தெரியாமல் இருக்காது. தவில் தோலை விரலால் அழுத்தினால் அது உள்ளே குழிகிறது. விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. அழுத்தம் கூடக் கூடத் தோலில் இழுப்பும் கூடுகிறது. அந்த இழுப்பை அளந்தால் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். இப்போது தோலுக்குப் பதில் ஸிலிக்கன் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அதன் ஓரங்களில், இழுப்பு அதிகமாக விழும் இடங்களாகப் பார்த்து, நான்கு மின்தடைகளைப் பதித்திருக்கிறார்கள். தகடு குழிந்தால் இரண்டு தடைகள் கூடுகின்றன, இரண்டு குறைகின்றன. அந்த வித்தியாசம் மின்சாரச் செய்தியாக வெளியே வருகிறது. அவ்வளவுதான் சமாசாரம். கண்ணுக்குத் தெரியாத தவில் ஒன்று. அதை வாசிப்பது காற்று, தண்ணீர் அல்லது மனிதனுடைய ரத்தம்.

இழுத்தால் ஸிலிக்கனின் மின்தடை மிகவும் மாறும் என்பதை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் என்பவர் கண்டு சொன்னார். உலோகக் கம்பியை இழுத்தாலும் தடை மாறும். ஆனால் ஸிலிக்கனில் அந்த மாறுதல் பல பத்து மடங்கு அதிகம். டிரான்ஸிஸ்டர் செய்வதற்காகச் சுத்தப்படுத்தி வைத்திருந்த பொருளுக்கு இப்படித் தொட்டால் சிணுங்கும் குணமும் இருந்தது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

அதன் பிறகு 1959-ஆம் வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வருஷம் ஜூலை மாதக் கடைசியில், மேற்கு ஜெர்மனியின் உதவியுடன், மான்கள் மேயும் கிண்டிக் காட்டின் ஓரத்தில் ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ரிச்சர்ட் பெயின்மன் என்ற பௌதிக மேதை ஒரு பிரசங்கம் செய்தார். பெரிதாகக் கட்டுவதில் எல்லாரும் போட்டி போடுகிறார்களே, சிறிதாகச் செய்வதில் எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்கிறதே என்பது அதன் சாரம். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத மோட்டார் செய்து காட்டுபவருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். இதற்குப் புதிய தொழில் நுட்பம் ஒன்று பிறந்தே தீரும் என்பது அவருடைய எண்ணம். நடந்ததோ வேறு. வில்லியம் மக்லெல்லன் என்ற எஞ்ஜினீயர் பூதக்கண்ணாடியையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்து மோட்டாரைச் செய்து, 1960-லேயே பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்! பெயின்மனுக்கு ஒரே ஏமாற்றம். எனக்கென்னவோ இந்த இடத்தில் மக்லெல்லனைத்தான் பிடிக்கிறது.

கே. என். பட் பெங்களூரில், பெரியவர்கள் வெகு காலம் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்லி வந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1966-ல் பி.இ. முடித்தார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க் மாகாணத்து ட்ராய் நகரிலுள்ள ரென்ஸலர் பாலிடெக்னிக்கில் மேற்படிப்புப் பட்டம் பெற்றார். 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்த வருஷத்தின் அருமையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். மனிதன் சந்திரனில் கால் வைத்த வருஷம் அது. இன்டெல் கம்பெனி பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஸிலிக்கன் தெரிந்த எஞ்ஜினீயருக்கு அமெரிக்காவில் வாசல்தோறும் வரவேற்பு இருந்த காலம். இங்கே இருந்த நிலைமையோ வேறு. ஸிலிக்கனில் வேலை செய்யத் தூசு இல்லாத அறை வேண்டும். நல்ல அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் பருமனுள்ள தூசு நூறுக்கு மிஞ்சக் கூடாது. ஆடி மாதத்தில் கயத்தாற்றுப் பக்கம் நின்று பாருங்கள். ஒரு கன அடியில் எத்தனை தூசு என்று எண்ண ஒரு கணக்குப்பிள்ளை போதாது. தண்ணீரோ உப்பும் கசடும் இம்மி கூட இல்லாத தண்ணீராக, அதுவும் குடம் குடமாக வேண்டும். குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைத்த பட்டணம் சென்னை. ஆயிரம் டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக எரியும் உலை வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் தகடுகள் வீணாகும். ஒவ்வொரு ரசாயனமும், ஒவ்வொரு வால்வும் கப்பலில் வர வேண்டும். அதற்கு அன்னியச் செலாவணி அனுமதி வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் முதல் நாள் வேலை தொடங்கும்.

பட் வேலைக்கு வந்த கையோடு அழுத்தமானி செய்ய உட்கார்ந்துவிடவில்லை. அப்போது உலகத்திலேயே அந்தக் கலை ஒழுங்காக உருவாகியிருக்கவில்லை. முதலில் ஸிலிக்கன் சாதனங்களின் அடிப்படைகளில் உழைத்தார். பாடம் சொல்லிக்கொண்டே 1978-ல் ஐ.ஐ.டி.யிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். 1979 முதல் 1981 வரை மறுபடியும் ட்ராய் நகருக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் தடவையும் திரும்பி வந்தார் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். முதல் தடவை திரும்புவதற்கு ஊர் ஞாபகம் போதும். பத்து வருஷம் இங்கே உலையோடும் தூசோடும் மல்லுக்கு நின்றவர் இரண்டாம் தடவை திரும்புவதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் காரியங்கள் வேகம் பிடித்தன. அதற்கு ஒரு காரணம் மோட்டார் புகை. 1970-ல் அந்த நாடு காற்றின் தூய்மையைக் காக்கக் கடுமையான சட்டம் இயற்றியது. எஞ்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்குத் தக்கபடி பெட்ரோல் விட்டால்தான் புகை குறையும் என்று ஆயிற்று. ஒவ்வொரு காருக்கும் ஓர் அழுத்தமானி. அதுவும் மலிவாக வேண்டும். 1982-ல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த கர்ட் பீட்டர்ஸன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஸிலிக்கன் மின்சாரத்துக்கு மட்டும் உரிய பொருள் அல்ல, எந்திரம் செய்வதற்கும் உத்தமமான பொருள் என்பது அவர் கட்சி. வலுவில் எஃகுக்குச் சளைத்ததில்லை. எடையிலோ எஃகில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வளைத்தால் வளையும், விட்டால் அப்படியே நிமிரும், அளவு மிஞ்சினால் பட்டென்று உடையும். பாதி வளைந்து கோணிக்கொண்டு நிற்கிற குணம் மட்டும் கிடையாது. கரிசல்காட்டுக் கிழவர்கள் சிலரை எனக்கு அப்படித் தெரியும்.

அந்தத் தகட்டை எப்படிக் குடைகிறார்கள் என்பது மிகவும் ரசமான விஷயம். உளியும் கிடையாது, சுத்தியும் கிடையாது. வெந்நீரில் கரைத்த பொட்டாஷ் காரத்தில் ஸிலிக்கனை முக்கி வைக்கிறார்கள். காரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அரித்தால் குழி கிண்ணம் போல ஆகிவிடும். ஆனால் ஸிலிக்கன் ஒரு படிகம். அணுக்கள் அதில் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு முகத்தில் காரம் விறுவிறுவென்று இறங்குகிறது. இன்னொரு முகத்தில் அரிக்க முடியாமல் ஏறக்குறைய நின்றே போகிறது. அதனால் குழியின் சுவர்கள் தாமாகவே 54.7 டிகிரிச் சாய்வில், இழைத்துவிட்டது போல அமைகின்றன. விறகு பிளக்கிறவனைப் பார்த்திருப்பீர்கள். கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓட்டம் தெரிந்த பிறகே கோடரியை ஓங்குவான். கோடரி பாதி வேலை செய்கிறது. மீதியை மரத்தின் ஓட்டம் செய்துவிடுகிறது. இங்கேயும் அப்படியே. கடைசியில் அடியிலே மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும் தறுவாயில் வெளியே எடுத்துவிட வேண்டும். சற்று ஏமாந்தால் தோலும் போய் ஓட்டை விழும். முன்கூட்டியே ஸிலிக்கனில் போரானை நிறையச் சேர்த்து வைத்து, காரம் அங்கே வந்ததும் தயங்கும்படி செய்வதும் உண்டு.

இன்னொரு ரகசியம் மலிவு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்களைக் கேட்டால் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு குச்சியை எடுத்து மருந்தில் முக்கி, காயவைத்து, அடுத்த குச்சியை எடுத்தால் தொழில் நடக்குமா? சட்டத்தில் ஆயிரக்கணக்கான குச்சிகளை வரிசையாகச் செருகி, எல்லாத் தலைகளையும் ஒரே முக்கில் மருந்தில் தோய்த்து எடுக்கிறார்கள். ஸிலிக்கன் சாதனங்களும் அதே தத்துவந்தான். அப்பளம் அளவுள்ள வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான அழுத்தமானிகளை ஒரே சமயத்தில் அச்சிட்டு, ஒரே சமயத்தில் உலையில் வைத்து, ஒரே காரத்தில் முக்கி, பிறகு தனித்தனியாக அறுத்துவிடுகிறார்கள். பெயின்மன் எதிர்பார்த்த புதிய தொழில் நுட்பம் இதுதான். மக்லெல்லன் ஒரு மோட்டார் செய்தார். 1988-ல் கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலையில் ரிச்சர்ட் முல்லரும் அவருடைய மாணவர்களும் தலைமயிரின் பருமனை ஒத்த ஸிலிக்கன் மோட்டார்களைத் தகட்டிலேயே செய்து சுழல வைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் இந்தத் துறைக்கு 'மெம்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். மின்சாரமும் எந்திரமும் ஒரே சில்லில் குடித்தனம் செய்கிறது என்று அர்த்தம். மோதினால் காரில் காற்றுப்பை விரியச் செய்யும் சில்லு, 1990-களில் சந்தைக்கு வந்தது. கையில் வைத்திருக்கும் டெலிபோனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அதுவும் இந்த வம்சந்தான்.

நம் நாட்டில் என்ன நடந்தது? மொஹாலியில் சர்க்கார் ஒரு ஸெமிகண்டக்டர் தொழிற்சாலை கட்டியது. 1980-களில் அங்கே உற்பத்தியும் தொடங்கிற்று. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து அது எரிந்து போயிற்று. மறுபடி கட்டி எழுப்புவதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிப் போய்விட்டது. ஒரு தொழிற்சாலை எரிந்தால் ஒரு தேசத்தின் தொழிலே பின்தங்கிப் போகும் என்றால், அந்த ஒன்றை மட்டும் நம்பி இருந்தோம் என்பதுதான் விஷயம். தீ தற்செயலாக இருக்கலாம். ஒற்றைக் கூரை தற்செயல் அல்ல.

ஆனால் கிண்டியில் உலை அணையவில்லை. பட்டும் அவருடைய சகாக்களும் அங்கே மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் அழுத்தமானிகளைச் செய்து வந்தார்கள். இரண்டு ஸிலிக்கன் தகடுகளைப் பசை இல்லாமல் ஒட்டவைப்பது, அழுத்தமானியையும் அதன் மின்சுற்றையும் ஒரே சில்லில் அமைப்பது போன்ற காரியங்கள் அவர்களுக்குக் கைவந்தன. இவை உலகத்தைக் கலக்கிய கண்டுபிடிப்புகள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது அவர்களுக்கே பிடிக்காது. உலகம் தொழிற்சாலையில் செய்ததை, தொழிற்சாலை இல்லாத ஊரில், மாணவர்களின் கையால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செய்து பார்த்தார்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு. தகடு கையில் உடைந்து தெரிந்துகொள்வது வேறு.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோவில்பட்டியில் 1901-லிருந்து அரசாங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மழையை நம்பிய கரிசலில் எந்தப் பருத்தி தாங்கும், எந்தச் சோளம் தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். அங்கே பிறந்த பருத்தி ரகங்களுக்கு முன்னால் 'கே' என்ற எழுத்து நிற்கும்; அது கோவில்பட்டியைக் குறிப்பது. மழை பொய்த்த வருஷமும் அங்கே விதைப்பு நிற்காது. பொய்த்த வருஷத்தில் எந்தச் செடி நின்றது என்பதே ஆராய்ச்சி. கிண்டி ஆராய்ச்சிக்கூடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பண்ணைதான் கண்முன் வருகிறது.

பணமும் ஆதரவும் பிற்பாடுதான் வந்தன. அவற்றைக் கொண்டு வந்தவரும் ஓர் எலெக்ட்ரிகல் எஞ்ஜினீயரிங் புரொபஸர்தான் என்பது விசேஷம். வி. கே. ஆத்ரே கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரில் பன்னிரண்டு வருஷம் புரொபஸராக இருந்துவிட்டு, 1980-ல் அதை உதறி, கொச்சியில் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவர். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 'பஞ்சேந்திரியா' என்ற சோனார் கருவித் தொகுதியை உருவாக்கியதில் முன் நின்றவர். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் அப்துல் கலாமுக்குப் பின் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும் இவரே. இவருடைய முயற்சியால் 2000-ல் தேசியத் திட்டம் ஒன்று உருவாகி, மெம்ஸ் ஆராய்ச்சிக்கு ஒழுங்காகப் பணம் வரத் தொடங்கிற்று. அதைத் தொடர்ந்து வந்த திட்டத்தில் பல ஊர்ப் பொறியியல் கல்லூரிகளுக்கும் மெம்ஸ் வடிவமைப்பு நிலையங்கள் கிடைத்தன.

2006-ல் பட் கிண்டியிலிருந்து ஓய்வு பெற்றார். சாய்வு நாற்காலிக்கும் பேரக் குழந்தைகளுக்கும் உரிய வயது. அவரோ பெங்களூருக்கு, நாற்பது வருஷத்துக்கு முன் தாம் மாணவராக இருந்த அதே இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு, வருகைப் புரொபஸராகப் போனார். அங்கே நானோ விஞ்ஞானத்துக்கென்று புதிய மையம் உருவாகிக்கொண்டிருந்த நேரம். கிண்டியில் சிறு அளவில் செய்த வேலையைப் பெரிய வசதிகளோடு மறுபடி தொடங்கினார். 2010-ல் ஆனந்தசுரேஷ், வினோய், கோபாலகிருஷ்ணன், ஆத்ரே ஆகியோருடன் சேர்ந்து இந்தத் துறைக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார். அவர் நடத்திய வகுப்புகள் படம் பிடிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி வெளியாகியிருக்கின்றன. கரும்பலகையில் படம் போட்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறும் பழைய காலத்து வாத்தியார் பாணி அது.

இவ்வளவு உழைத்தும் நம் சட்டைப் பையிலுள்ள டெலிபோன் சில்லுகள் வெளிநாட்டிலிருந்துதானே வருகின்றன, பிரயோஜனம் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிண்டியில் செய்த தவிலுக்குக் கச்சேரி கிடைக்கவில்லை என்பது உண்மை. 2021 டிசம்பரில்தான் சர்க்கார் 76,000 கோடி ரூபாயில் ஸெமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது. புரொபஸர் வந்து சேர்ந்த வருஷத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்திரண்டு வருஷம்! பணம் இருந்தால் கட்டடம் இரண்டு வருஷத்தில் எழும்பிவிடும். எந்திரங்கள் கப்பலில் வந்துவிடும். காரத்திலிருந்து தகட்டை எந்த நிமிஷத்தில் எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆட்களை எந்தக் கப்பலில் வரவழைப்பது? அந்த ஆட்களில் ஒரு பகுதியாவது இங்கே இருக்கிறார்கள் என்றால், யாரும் கேட்காத காலத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்த சில வாத்தியார்கள்தான் காரணம்.

2008-ல் பெங்களூர்க் கழகமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் தங்கள் ஆராய்ச்சிக்கூடங்களை வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டன. எந்தச் சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்தும் ஒருவர் தம் யோசனையை எழுதி அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அங்கே போய்த் தம் கையாலேயே ஸிலிக்கனில் செய்து பார்க்கலாம். கோவில்பட்டியிலும் 1984 முதல் ஓர் எஞ்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. கரிசல் புழுதியில் நடந்து வளர்ந்த பையனோ பெண்ணோ அப்படி ஒரு கூடத்துக்குப் போனால், முதல் பாடம் ஸிலிக்கனைப் பற்றியதாக இருக்காது. உடையைப் பற்றியதாக இருக்கும். வெள்ளைத் தொப்பியை முதலில் மாட்ட வேண்டும். பிறகு உடம்பை மூடும் அங்கி. கடைசியில் கால் உறை. தலையிலிருந்து உதிரும் தூசு அங்கியின்மேல் படியக் கூடாது என்பதற்காக இந்த வரிசை. அதன் பிறகு கதவு திறக்கும்.